கிராஃப் தாள் யார் கையில்? திறமூல மென்பொருள் பற்றி ஒரு எளிய விளக்கம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு கொலுசு வியாபாரி இருக்கிறார். அவர் கடையில் கணினி மக்கர் செய்தால் நான்தான் போவேன். ஒருநாள் காலையிலேயே போன். "தம்பி, பில்லிங் திறக்கவே மாட்டேங்குது, கொஞ்சம் உடனே வாங்க." போய்ப் பார்த்தால் கணினியில் ஒரு கோளாறும் இல்லை. பின்னால் செருகியிருந்த டாங்கிள், பென்டிரைவ் மாதிரி ஒரு சின்னக் கருவி, செத்துப்போயிருந்தது. அந்த மென்பொருளுக்குப் பூட்டும் சாவியும் அதுதான். விற்ற கம்பெனிக்கு அழைத்தால் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. விசாரித்ததில் கம்பெனியையே மூடிவிட்டார்களாம். ஒன்பது வருடக் கணக்கு உள்ளே இருக்கிறது, வெளியே எடுக்க வழியில்லை, ஏனென்றால் அந்தக் கோப்பை வேறு எந்த மென்பொருளாலும் படிக்க முடியாது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. கொலுசுத் தொழிலில் வெள்ளியை எடைபோட்டுப் பட்டறைக்குக் கொடுப்பார்கள், கொலுசாகத் திரும்பும்போது எடையையும் டச்சையும் பார்த்து நேர் செய்வார்கள். 80 டச் கொலுசு ஒரு கிலோ என்றால் அதில் சுத்த வெள்ளி 800 கிராம். பட்டறைக்கு ஒரு டச், வாங்கிப்போகும் வெளியூர்க் கடைக்காரருக்கு ஒரு டச் என்று இரண்டு கட்டம் வேண்டும். மென்பொருளில் இருந்ததோ ஒன்று. வாங்கிய முதல் வருடமே அண்ணன் கேட்டிருக்கிறார். அடுத்த வெர்ஷனில் வரும் என்றார்களாம். அது வரவே இல்லை, அதனால் அந்தக் கணக்கை மட்டும் நீளநோட்டில் கையால் எழுதி வந்தார். கடைசியில் தப்பித்தது அந்த நோட்டு ஒன்றுதான்.

"காசு கொடுத்துத்தானே வாங்கினேன், அப்ப அது எனக்குச் சொந்தம் இல்லையா?" என்று கேட்டார். இல்லை அண்ணா, நீங்கள் வாங்கியது பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி மட்டும்தான் என்றேன். அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அன்றைக்கு அவருக்கு டீ குடித்துக்கொண்டே சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு அம்மாப்பேட்டைப் பக்கம். அப்பா பட்டுத்தறி நெய்தவர். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும், அதில் துளை போட்ட அட்டைகளை மாலை மாதிரி கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். மிதிக்க மிதிக்க அட்டை ஒவ்வொன்றாகத் திரும்பும். துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே போகும், அதோடு சேர்ந்த பாவு நூல் மேலே எழும்பும். துளை இல்லாத இடத்து நூல் எழும்பாமல் கிடக்கும். இப்படித்தான் பார்டரில் மயிலும் முந்தியில் மாங்காயும் வருகின்றன. ஆனால் அட்டைக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. டிசைன் போடுபவர் கிராஃப் தாளில் அந்த மாங்காயைக் கட்டம் கட்டமாக வரைவார், அதைப் பார்த்துத்தான் அட்டை அடிப்பவர் துளை போடுவார். அட்டைக் கட்டு கையில் இருந்தால் புடவை நெய்துவிடலாம். ஆனால் மாங்காயின் வாலைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று கடைக்காரர் கேட்டால் அந்த நூற்றுக்கணக்கான அட்டைகளை முறைத்துப் பார்த்து ஒரு பயனும் இல்லை. கிராஃப் வேண்டும்.

மென்பொருளும் அப்படியே. மனிதர் எழுதுவது மூலநிரல், அதுதான் கிராஃப். அதிலிருந்து இயந்திரத்துக்குப் புரிகிற கோப்பைத் தயாரிக்கிறார்கள், அதுதான் அட்டைக் கட்டு. தனியுரிம மென்பொருள் விற்பவர் அட்டையை மட்டும் கொடுப்பார், கிராஃபைப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்வார். திறமூல மென்பொருளில் கிராஃபும் சேர்ந்தே வரும். இந்த உவமையை நான் இழுத்துக் கட்டவில்லை. 1804 வாக்கில் பிரான்சில் ஜக்கார்டு தறி வந்தது, அந்த அட்டை முறையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கும் துளையட்டை வைக்கத் திட்டமிட்டார். கணினியில் அந்த அட்டைக்கும் ஒரு பங்கு உண்டு.

சரி, கிராஃப் கையில் இருந்தால் மட்டும் போதுமா? பார்த்துக்கொள், தொடாதே என்று சொன்னால் அதில் என்ன லாபம். ஆகவே உரிமம் நான்கு விஷயங்களுக்கு வழிவிட வேண்டும்: எந்த வேலைக்கு வேண்டுமானாலும் ஓட்டலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து நமக்கு வேண்டியபடி மாற்றலாம், பக்கத்துத் தறிக்காரருக்கு நகல் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். இந்த நான்கையும் கட்டற்ற மென்பொருளின் சுதந்திரங்கள் என்று வரையறுத்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். அவர் கதையும் கிட்டத்தட்ட நம் கொலுசு அண்ணன் கதைதான். 1980 வாக்கில் அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு ஒரு புதிய லேசர் பிரிண்டர் வந்தது, அடிக்கடி காகிதம் சிக்கிக்கொண்டது. பழைய பிரிண்டர் சிக்கினால் அச்சுக்குக் காத்திருந்தவர்களின் திரையில் தகவல் வருகிற மாதிரி அவர் நிரலை மாற்றி வைத்திருந்தார். புதியதிலும் அதையே செய்யலாம் என்று மூலநிரல் வைத்திருந்த ஒருவரிடம் போய்க் கேட்டால், வெளியே தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், தர முடியாது என்றுவிட்டார். 1983-ல் ஸ்டால்மன், ஒரு கட்டற்ற இயங்குதளத்தை எழுதும் குனு திட்டத்தை அறிவித்தார். 1991-ல் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸ் என்ற கருநிரலை, அதாவது இயங்குதளத்தின் மையமான நிரலை, எழுதி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்ததுதான் நாம் லினக்ஸ் என்று சொல்வது. 'ஓப்பன் சோர்ஸ்' என்ற பெயர் 1998-ல்தான் வந்தது, வியாபாரிகள் மிரளாமல் இருப்பதற்காக. உங்கள் பையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனின் அடியிலும் லினக்ஸ்தான் ஓடுகிறது. உலகின் முதல் 500 சூப்பர் கணினிகளிலும், 2017 கடைசியிலிருந்து, எல்லாவற்றிலும் அதுவே.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் 'ஃப்ரீ' என்று ஒரே சொல், அதனால் இதைப் புரியவைக்க அவர்கள் பக்கம் பக்கமாக எழுதவேண்டியிருக்கிறது. நமக்கு அந்தக் கஷ்டமே இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. விலையில்லாமல் கிடைத்தும் கிராஃப் தராத மென்பொருள்கள் எக்கச்சக்கம். காசுக்கு விற்கப்படும் திறமூல மென்பொருளும் உண்டு. லினக்ஸை வைத்துப் பராமரிப்பும் உதவியும் விற்றே வளர்ந்த ரெட் ஹாட் நிறுவனத்தை 2019-ல் ஐபிஎம் 34 பில்லியன் டாலருக்கு வாங்கியது. சும்மா கொடுக்கிறவன் எப்படிப் பிழைப்பான் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது வழக்கம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். நம்மைப் போன்ற நாடுகளுக்கு இது ஏன் முக்கியம் என்றால் எல்லோரும் முதலில் விலையைத்தான் சொல்வார்கள். உண்மைதான், உரிம விலையை டாலர் சம்பளத்தை மனதில் வைத்து முடிவு செய்கிறார்கள், நாம் ரூபாயில் கொடுக்கிறோம். ஆனால் நேர்மையாகப் பேசினால், இந்த ஊரில் எத்தனை பேர் விண்டோஸுக்குக் காசு கொடுத்தார்கள்? நான் தொழிலுக்கு வந்த காலத்தில் ஒரு சிடி கடை கடையாகச் சுற்றும், சீரியல் நம்பர் சிடி உறை மேலேயே ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருக்கும். நானே எத்தனையோ கணினிகளில் போட்டிருக்கிறேன். அதனால் 'இது இலவசம்' என்ற வாதம் இங்கே எடுபடவில்லை, அதுவும்தானே இலவசம் என்று சிரித்தார்கள். திருட்டு நகலில் விலை மட்டும்தான் போகிறது, பூட்டு அப்படியே இருக்கிறது. பழுது நீக்கும் அப்டேட்டுகளைப் பயந்து அணைத்து வைப்பார்கள். 2017 மே மாதம் வான்னாகிரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, அப்டேட் போடாமல் விட்ட விண்டோஸ் கணினிகள்தான் மாட்டின.

விலையில் ஒரு வேடிக்கையான பாடம் தாய்லாந்தில் நடந்தது. 2003-ல் அந்த அரசாங்கம் மக்களுக்கு மலிவு விலைக் கணினி கொடுத்தது, லினக்ஸ் போட்டு. உடனே மைக்ரோசாஃப்ட் அங்கே விலையை வெகுவாக இறக்கியது. அடுத்த வருடமே விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்ட்டர் என்று ஒரு மலிவுப் பதிப்பு வளரும் நாடுகளுக்கென்றே வந்தது, அதில் ஒரே நேரத்தில் மூன்று நிரல்கள்தான் திறக்கும். நான்காவதைத் திறந்தால் முடியாது என்று சொல்லிவிடும். ஏழை நாட்டுக்காரன் ஒரே நேரத்தில் மூன்று வேலைக்கு மேல் என்ன செய்யப்போகிறான் என்று யாரோ ஒரு மேசையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். எனக்கு அந்த மூன்று என்ற எண் இன்னும் உறுத்துகிறது.

விலையைத் தள்ளிவைத்துவிட்டு இதைப் பேசியவர் பெருவில் எட்கர் வில்லனுவேவா என்ற நாடாளுமன்ற உறுப்பினர். அரசு அலுவலகங்களில் கட்டற்ற மென்பொருள் வேண்டும் என்று அவர் மசோதா கொண்டுவந்தார், மைக்ரோசாஃப்டின் பெரு கிளை ஆட்சேபித்துக் கடிதம் எழுதியது, 2002-ல் அவர் அதற்கு விரிவாகப் பதில் எழுதினார். சாரம் இதுதான்: பொதுத் தகவல் குடிமகனுக்குத் தடையின்றிக் கிடைக்க வேண்டும், அரசின் தரவு ஒரு கம்பெனியின் தயவில் இல்லாமல் நிலைத்திருக்க வேண்டும், அரசும் குடிமக்களும் பாதுகாப்பாக இருக்க வேண்டும். பட்டாவும் பிறப்புச் சான்றிதழும் யாரோ ஒருவர் டாங்கிளில் தொங்கக்கூடாது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

அப்புறம் மாற்றிக்கொள்ளும் உரிமை. இதற்கு இலங்கையைச் சொல்லவேண்டும். டிஹெச்ஐஎஸ்-2 என்று ஒரு சுகாதாரத் தகவல் மென்பொருள் இருக்கிறது. இனவெறி ஆட்சி முடிந்த பிறகு தென்னாப்பிரிக்காவில் முளைத்து, ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைப்பில் வளர்ந்து, இன்றைக்கு ஏகப்பட்ட வளரும் நாடுகளின் சுகாதாரத் துறைகளில் ஓடுகிறது. 2020 தொடக்கத்தில் கொரோனா வந்தபோது இலங்கைக் குழு அதன் கிராஃபை எடுத்து, விமான நிலையத்தில் வந்திறங்குபவர்களைப் பதிவு செய்து கண்காணிக்கிற மாதிரி மாற்றியது. அதை மாற்ற, எழுதியவர்களிடம் அனுமதி கேட்கவேண்டிய அவசியமே இல்லை. மாற்றியதை மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள், வேறு நாடுகள் எடுத்துக்கொண்டன, நார்வேயிலும் உள்ளாட்சிகள் தொற்றுக் கண்காணிப்புக்கு அதே மென்பொருளைப் பயன்படுத்தின. செவ்வாய்ப்பேட்டை அண்ணனுக்குக் கிடைக்காத இரண்டாவது கட்டம் இதுதான்.

தமிழ் விஷயத்தில் இது இன்னும் நெருக்கமாகத் தெரியும். திருமணப் பத்திரிகை அடிக்கும் கடைகளில் வேலை பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், ஒவ்வொரு எழுத்துருக் கம்பெனிக்கும் ஒரு குறியீட்டு முறை. ஒரு கடையில் அடித்த பத்திரிகையை இன்னொரு கடையில் திறந்தால் மணமகன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் நிற்கும். ஒருங்குறி (யூனிகோட்) வந்த பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது. ஒருங்குறி மென்பொருள் இல்லை, எல்லோருக்கும் பொதுவான தரம், அது வேறு. ஆனால் தரம் மட்டும் இருந்தால் தமிழ் திரையில் வந்துவிடாது. 'கொ' என்று அடித்தால் கணினிக்குள் முதலில் க, அப்புறம் ஒகரக் குறி என்றுதான் பதிவாகிறது. திரையில் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து நிறுத்த ஒரு நிரல் வேண்டும். ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எம்எஸ் ஆஃபீஸ் மாதிரியான லிப்ரே ஆஃபீஸ் எல்லாவற்றிலும் அந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரல். அதை எழுதியவர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத், பெயரும் பாரசீகச் சொல். நம்மூர்ப் பக்கமும் ஆட்கள் சும்மா இல்லை. இ-கலப்பை என்ற தட்டச்சுக் கருவி, லிப்ரே ஆஃபீஸின் தமிழ் மெனுக்கள், 2012 முதல் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே சொல்லிக்கொடுக்கும் கணியம் மின்னிதழ், எல்லாம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து ராத்திரியில் உட்கார்ந்து செய்தவர்களின் உழைப்பு. தமிழில் மெனு போட்டால் எத்தனை பெட்டி விற்கும் என்று கணக்குப் பார்த்திருந்தால் இதில் பாதி நடந்திருக்காது.

இதெல்லாம் இவ்வளவு நல்லதாக இருந்தால் ஏன் ஊரெல்லாம் லினக்ஸ் இல்லை என்று கேட்பீர்கள். அதற்கு நானே சாட்சி. தமிழ்நாட்டில் அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் 2007 வாக்கிலேயே சூசே லினக்ஸுக்கு மாறத் தொடங்கியது. 2011-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் வந்தபோது விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே போட்டுக் கொடுத்தார்கள். பிள்ளைகள் பெட்டியோடு நேராக என்னிடம்தான் வருவார்கள். "அண்ணா, அந்த பாஸைத் தூக்கிட்டு முழுசா விண்டோஸ் மட்டும் விட்டுடுங்க." நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு நான் தூக்கினேன். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று அவர்களுக்கு யாரும் ஒரு மணி நேரம்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லை, நானும் சொல்லவில்லை. பக்கத்தில் கேரளத்தில் அதே காலத்தில் பள்ளி ஆசிரியர்களைப் பழக்கி, பாடப்புத்தகத்தை எழுதி, பத்தாம் வகுப்புக் கணினித் தேர்வையே லினக்ஸில் வைத்தார்கள். அங்கே நின்றுவிட்டது, இங்கே என் நூறு ரூபாயில் போய்விட்டது. மத்திய அரசும் 2015-ல் திறமூலத்துக்கு முன்னுரிமை என்று கொள்கை அறிவித்தது, ஆனால் அரசு வேலைக்கு எழுதிப்போடும் பையனைத் தட்டச்சு வகுப்பில் எதில் பழக்குகிறார்கள் என்று பாருங்கள்.

நடைமுறைச் சிக்கல்களும் உண்டு, மறைக்கமாட்டேன். டேலி கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது, சேலத்துக் கடைவீதி முழுக்க ஆடிட்டர் அதைத்தான் கேட்பார். ஃபோட்டோஷாப்புக்குப் பதில் கிம்ப், கோரல்டிராவுக்குப் பதில் இங்க்ஸ்கேப் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம், அச்சகத்தில் கோரல் கோப்பு கொண்டுவா என்றால் என்ன செய்வீர்கள்? சில பிரிண்டர்கள் லினக்ஸில் அடம்பிடிக்கும். ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சியே 2003-ல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, வருடக்கணக்கில் உழைத்து, 2017-ல் விண்டோஸுக்கே திரும்பலாம் என்று தீர்மானம் போட்டது. பணக்கார ஊருக்கே அந்தப் பாடு.

இன்னொரு விஷயம், கிராஃப் திறந்திருந்தால் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். எக்ஸ்இசட் என்று கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்ன நிரல், உலகத்து லினக்ஸ் சர்வர்களில் பெரும்பாலும் இருக்கும், அதைக் கிட்டத்தட்ட ஒரே ஆள் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். உதவுகிறேன் என்று ஒருவர் வந்து இரண்டு வருடத்துக்கு மேல் நல்லவராக நடித்து நம்பிக்கை சம்பாதித்து, 2024-ல் அதில் கள்ளக்கதவு வைத்துவிட்டார். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ன்ட் என்ற பொறியாளர், உள்நுழைவுக்கு அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று துருவிப் பார்த்துப் பிடித்தார். கிராஃப் திறந்திருந்ததால் பிடிக்க முடிந்தது. ஆள் இல்லாததால்தான் அது நுழையவும் முடிந்தது.

ஏற்காட்டில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த ஆறு பழைய கணினிகள், 2 ஜிபி நினைவகம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இந்தப் பெட்டிகளில் ஏறவே ஏறாது, எடைக்குப் போடலாமா என்று தலைமையாசிரியை கேட்டார். இருபது கொண்டை ஊசி வளைவையும் பைக்கில் ஏறி, பனியில் கை விறைத்துப்போய், இரண்டு பென்டிரைவோடு போய்ச் சேர்ந்தேன். எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டதும் நான்கு பெட்டிகள் நன்றாக எழுந்தன, ஐந்தாவது முனகிக்கொண்டே எழுந்தது, ஆறாவதில் ஹார்டு டிஸ்கே போய்விட்டிருந்தது, அதற்கு லினக்ஸ் என்ன செய்யும். அங்கே மழை பெய்தால் இணையம் இல்லை. கிவிக்ஸ் என்ற திறமூலச் செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கிக் கொண்டுபோயிருந்தேன், இணையமே இல்லாமல் திறக்கும். ஒரு பெண் முதலில் தேடிய சொல் 'காட்டெருமை'. முந்தின வாரம் அவர்கள் காபித் தோட்டத்துக்குள் ஒன்று வந்திருந்ததாம்.

நீங்கள் ஆரம்பிப்பதாக இருந்தால் விண்டோஸை உடனே தூக்க வேண்டாம். அதிலேயே லிப்ரே ஆஃபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், விஎல்சி மூன்றையும் போட்டு இரண்டு மாதம் பழகுங்கள். கோப்புகளை ஓடிடி (ODT) வடிவில் சேமித்துப் பாருங்கள், அது 2006 முதல் சர்வதேசத் தரம், நாளைக்கு எந்தக் கம்பெனி மூடினாலும் வேறொன்று திறக்கும். பிறகு லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி, கணினியில் எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பிரிண்டர், வைஃபை, தமிழ்த் தட்டச்சு மூன்றும் வேலை செய்தால் மட்டும் நிறுவுங்கள். நிறுவும் முன் கோப்புகளுக்கு நகல் எடுத்துவிடுங்கள், ஒன்றுக்கு இரண்டாக. எந்த மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கினாலும் விற்க வருபவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: என் கணக்கு முழுவதையும் சாதாரணக் கோப்பாக வெளியே எடுத்துத் தருமா? அவர் பேச்சை மாற்றினால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கொலுசு அண்ணனுக்குப் பழைய கணக்கு திரும்பவில்லை. நீளநோட்டை வைத்து லிப்ரே ஆஃபீஸ் கால்க்கில் ஒரு தாள் போட்டுக் கொடுத்தேன், டச்சுக்கு இரண்டு கட்டம் வைத்து. மூன்றாவதாகச் சேதாரத்துக்கு ஒரு கட்டத்தை அவர் மகளே சேர்த்துக்கொண்டாள், எனக்குப் போன்கூட வரவில்லை. பில்லிங்குக்கு ஈஆர்பிநெக்ஸ்ட் என்று மும்பையில் எழுதப்பட்ட திறமூல மென்பொருள் இருக்கிறது, போட்டுப் பார்ப்போமா என்று கேட்டிருக்கிறேன். "கோட்டை மாரியம்மன் பண்டிகை முடியட்டும் தம்பி, அப்புறம் பார்க்கலாம்" என்றிருக்கிறார்.